துவிச்சக்கர வண்டியும் கலோரிக் கணக்கும்

1950ஆம் ஆண்டில், அமெரிக்காவில் தொடங்கி இரண்டாண்டுகளே ஆகியிருந்த பிரயோக உடற்றொழிலியற் சஞ்சிகையின் இரண்டாந் தொகுதியில், கொழும்பிலிருந்து சென்ற ஒரு கட்டுரை வெளியாயிற்று. அதை எழுதியவர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடத்தில் உடற்றொழிலியற் பேராசிரியராயிருந்த ஹென்றி கலம்பைன். அயனமண்டலத்து மக்களின் சரீரம் உண்டாக்கும் வெப்பம் எவ்வளவு, அவர்கள் உயிர் வாழவும் உழைக்கவும் வேண்டிய சக்தி எவ்வளவு என்பதே அவர் எடுத்துக்கொண்ட விஷயம். அதே தொகுதியில், வயதும் பாலும் உடலமைப்பும் தசை வளர்ச்சியும் மனிதருடைய தேகவலிமையை எவ்வாறு நிர்ணயிக்கின்றன என்று ஆராயும் வேறொரு நீண்ட கட்டுரையும் வந்தது. அதிலே கலம்பைனோடு பெயர் பொறித்தவர்களில் ஒருவர், பிற்காலத்தில் இந்நாட்டின் மருந்துக் கொள்கையை வகுத்து, 1971இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் தோன்றுவதற்குக் காரணராயிருந்த சேனக பிபிலே; மற்றொருவர், பின்னர் பேராதனையில் உயிரிரசாயனப் பேராசிரியராக விளங்கிய விக்கிரமநாயக்க.

கின்சி வீதியில் உள்ள அப்பழைய மருத்துவக் கல்லூரிக் கட்டடங்களிலே பிறந்த இந்த ஆராய்ச்சிகளை இன்று தேடிப் படிப்போர் மிகச் சிலர். ஆயினும், மாலை வேளையில் நுகேகொடையிலிருந்து கொஹுவளை, பாமன்கடை வழியாக வெள்ளவத்தைக் கடற்கரைக்கு வண்டி உழக்கிச் சென்று, அங்கே மூச்சிரைக்க நின்று மணிக்கட்டைத் திருப்பி, 'இன்றைக்கு இத்தனை கலோரி' என்று மனநிறைவோடு வாசிக்கும் ஒவ்வொருவருக்கும் அந்த ஆராய்ச்சிகள் நெருங்கிய சம்பந்தமுடையவை. மணிக்கட்டில் ஒளிரும் அந்த எண் எங்கிருந்து வந்தது, யாருடைய உடலை அளந்து பெற்றது, நம்முடைய உடலுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்னும் கேள்விகளுக்கு விடை, நூற்றிருபது ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு சரித்திரத்தில் கிடக்கிறது. அந்தச் சரித்திரத்தில் சென்னைக்கும் கொழும்புக்கும் கணிசமான பங்குண்டு என்பதை நம்மவர் அறிந்திருத்தல் வேண்டும் என்ற ஆவலே இதை எழுதத் தூண்டியது.

கொழும்பு வீதிகளில் துவிச்சக்கர வண்டிக்கு வயது அதிகம். ராலியும் ஹம்பரும் ஹெர்குலிஸும் கந்தோர் எழுதுவினைஞரைச் சுமந்து காலி வீதியிலே போன காலம் ஒன்று. பின்னிருக்கையில் மரப்பெட்டியும் தராசும் கட்டி, விடியற்காலையில் ஒழுங்கை ஒழுங்கையாகக் கூவித் திரியும் மீன்காரரின் காலம் அதனோடு சேர்ந்தது. லுமாலா என்ற உள்ளூர் வண்டி வீட்டுக்கு வீடு வந்தது அதற்குப் பிந்தியது. பிறகு மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் அதை ஓரங்கட்டின. 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், எரிபொருள் நிலையங்களின் முன்னே வாகனங்கள் நாட்கணக்காக வரிசையில் நின்று, ஈற்றில் வாராந்தப் பங்கு வைத்துப் பெற்றோல் அளந்து கொடுக்கப்பட்டபோது, அந்த ஓரத்திலிருந்து துவிச்சக்கர வண்டி மீண்டும் நடுவீதிக்கு வந்தது. வேலைக்குப் போவதற்காக அன்று ஏறியவர்களிற் பலர், பெற்றோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பின்னரும், தேகாப்பியாசத்தின் பொருட்டு அதை விடாமற் பற்றிக்கொண்டார்கள். கைக்கடிகார வடிவிலே வந்த இலத்திரனியற் கருவிகள் அவர்களுக்குத் துணையாயின.

அக்கருவி காட்டும் கலோரி, விஞ்ஞானிகள் கிலோகலோரி என்று கூறுவதாகும். உலக வழக்கை ஒட்டி இங்கும் அதனைக் கலோரி என்றே குறிப்போம். சும்மா படுத்திருந்தாலும் இதயமும் ஈரலும் மூளையும் இயங்குவதற்காக உடல் செலவிடும் சக்தி ஒன்று. உழக்குவதற்காக அதற்கு மேற் செலவாகும் சக்தி மற்றொன்று. கருவி இவ்விரண்டையும் அளப்பதே இல்லை. வயது, உயரம், நிறை, பால், நாடித்துடிப்பு, கையின் அசைவு, வண்டியின் வேகம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, பிறர் எப்போதோ வேறெங்கோ அளந்து வகுத்த சூத்திரங்களிலே இட்டு, ஓர் உத்தேசத்தைச் சொல்கிறது. ஆகவே அச்சூத்திரங்களின் குலங்கோத்திரத்தை விசாரிப்பது அவசியமாகிறது.

மெய்யாக அளந்த முதல்வர்களுள் முக்கியமானவர் வில்பர் அற்வாட்டர். அமெரிக்காவில் கனெக்ரிக்கற் மாநிலத்து மிடில்ரவுன் என்னும் ஊரிலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்திலே, 1890களில், ரோசா என்ற பௌதிக அறிஞரின் துணையோடு, ஒருவர் உள்ளே நாட்கணக்கில் உண்டு, உறங்கி, வேலை செய்யத்தக்க ஒரு சிற்றறையை அவர் அமைத்தார். செப்புத் தகடு வேய்ந்த அச்சுவர்களினூடே வெப்பம் தப்பிப் போகாதவாறு காத்து, உள்ளே ஓடும் குளிர்நீர் எவ்வளவு சூடேறுகிறது என்பதைக் கொண்டு மனிதனின் வெப்பத்தைக் கணக்கிட்டார்கள். உட்செல்லும் வாயுவையும் வெளிவரும் வாயுவையும் சோதித்தார்கள். ஊட்டிய உணவையும் எஞ்சிய கழிவையும் நிறுத்தார்கள். வரவும் செலவும் நூற்றுக்கு ஒன்றுகூட வேறுபடாமல் நேர்பட்டன. உயிருள்ள சரீரமும் சக்திக் காப்பு விதிக்குக் கட்டுப்பட்டதே என்பது அந்த அறையிலே பிரத்தியட்சமாயிற்று.

உள்ளே இருந்தவர் வேலை செய்வதற்கு வைத்திருந்த யந்திரம் துவிச்சக்கர வண்டிதான். நிலையாக நிறுத்தப்பட்ட அவ்வண்டியின் பின்சில்லு ஒரு சிறு டைனமோவைச் சுழற்ற, அதிற் பிறந்த மின்சாரம் அறைக்குள்ளேயே ஒரு விளக்கை எரித்தது. மின்சாரத்தை அளந்தாற் காலின் வேலை தெரிந்தது. யாழ்ப்பாணத்தில் 1990களின் முற்பகுதியை அனுபவித்து, பின்னர் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிற் குடியேறிய எவருக்கும் இந்த ஏற்பாட்டை விளக்கவேண்டியதில்லை. மின்சாரம் அற்று, மின்கலமும் தடைசெய்யப்பட்ட பொருளாகிப் போயிருந்த அந்நாட்களிலே, வண்டியைத் தாங்கியில் நிறுத்தியோ தலைகீழாகக் கவிழ்த்தோ வைத்து, ஒருவர் மிதிகட்டையைச் சுழற்ற, சில்லின் டயரிலே உரசி ஓடும் டைனமோவிலிருந்து இரண்டு வயர்களை வானொலிக்கு இழுத்து, வீட்டாரும் அயலாரும் சூழ்ந்திருந்து பீ.பீ.சீ. தமிழோசைச் செய்தி கேட்டார்கள். சுழற்றும் வேகம் தளர்ந்தாற் குரல் இழுபட்டு மங்கும். அப்போது 'கைமாற்று, கைமாற்று' என்று கூறி அடுத்தவர் பிடித்துக்கொள்வார். சாதாரண சைக்கிள் டைனமோ 6 வோல்ற்றில் 3 வோற்று வலுவைத் தருவது. ஒரு மணி நேரம் இடைவிடாமற் சுழற்றினால் வெளிவரும் மின்சக்தி 10.8 கிலோயூல், கலோரிக் கணக்கில் இரண்டரைக்குச் சற்றே மேல். அத்தனை வியர்வைக்கு இத்தனை சிறு பயன்தானா என்று வியக்கத் தோன்றும். உரசலிலும் டைனமோவின் உள்ளேயும் பெரும்பகுதி வீணாகிறது. அதற்கு முன்னரே உடலுக்குள் அதனினும் பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடுகிறது. மனித உழைப்பின் சக்தி எவ்வாறு செலவாகிறது என்பதை அற்வாட்டர் செப்பு அறையிலே கண்டார். யாழ்ப்பாணத்தார் தம் வீட்டு முற்றத்திலே உணர்ந்தார்கள்.

அவ்வாறு வெப்பமாகப் போவது எவ்வளவு என்பதை நுணுகி அளந்தவர், அற்வாட்டரின் உதவியாளராயிருந்து, பின் பொஸ்ரன் நகரிலே கார்னகி ஸ்தாபனத்தின் போஷாக்கு ஆய்வுசாலையை நடத்திய பிரான்சிஸ் பெனடிக்ற். 1913இல் அவரும் கிளாஸ்கோவைச் சேர்ந்த கத்கார்ட்டும் வெளியிட்ட பெருநூல், தொழில்முறைச் சைக்கிள் வீரர் ஒருவரைப் பிரதான பாத்திரமாகக் கொண்டது. காந்தங்களின் இடையே சுழலும் செப்புத் தட்டொன்று சில்லுக்குத் தடையாய் நின்று, வேலையை எண்ணாகச் சொல்லிற்று. வாயில் பொருத்திய குழாய் அவர் உட்கொண்ட ஒட்சிசனைச் சொல்லிற்று. உழக்கும்போது உடல் செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒன்றுக்கும் நாலில் ஒன்றுக்கும் இடைப்பட்ட பங்கே மிதிகட்டைக்குப் போய்ச் சேருகிறது என்பது அன்றுமுதல் நிலைபெற்ற உண்மை. அதே ஆண்டில் கொப்பன்ஹேகனில் ஓகஸ்ட் குரோகும் ஓர் அளவைச் சைக்கிளை அமைத்தார். மனித உழைப்பின் விஞ்ஞானம் பெருமளவுக்குத் துவிச்சக்கர வண்டியின்மீது அமர்ந்தே வளர்ந்தது என்று துணிந்து கூறலாம்.

உழைப்புக்கு மேலாக, ஓய்வாயிருக்கும் உடலின் செலவையும் பெனடிக்ற் அளந்தார். 136 ஆண்களையும் 103 பெண்களையும் அளந்து, 1919இல் ஹரிஸ் என்பவரோடு சேர்ந்து அவர் வகுத்த சூத்திரம் இன்றும் வைத்தியசாலைகளில் உபயோகத்திலிருக்கிறது. மணிக்கட்டுக் கருவிகள் கையாளும் சூத்திரங்கள் அதுவாகவோ, அதன் வழிவந்தவையாகவோ இருப்பன. 45 வயதும் 60 கிலோ நிறையும் 165 சென்ரிமீற்றர் உயரமுமுள்ள ஓர் ஆணுக்கு, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,413 கலோரி என்று அது கூறும். ஆனால் அளக்கப்பட்டவர்கள் அமெரிக்கர்.

இந்த இடத்திலேதான் சென்னை வருகிறது. 1915இல் ஆரம்பித்து, நுங்கம்பாக்கத்து டவ்டன் மாளிகையிலே நிலைகொண்ட பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியையாயிருந்த எலினர் மேசன், அங்கே தங்கிப் படித்த தென்னிந்தியப் பெண்களின் ஓய்வு நிலைச் செலவை அளந்து, பெனடிக்றோடு சேர்ந்து 1931இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிச் சஞ்சிகையிலே வெளியிட்டார். காலையில் உண்ணாமல், அசையாமல், அமைதியாகப் படுத்திருந்த அந்த இளம்பெண்களின் அளவு, அமெரிக்க நியமத்தைவிட நூற்றுக்கு 17 அளவிற் குறைந்திருந்தது. அடுத்த ஆண்டிலே கிருஷ்ணனும் வரீதும் சென்னைக் கல்லூரி மாணவர், மாணவியரை அளந்து வெளியிட்டார்கள். மேசன் அம்மையார் இக்கேள்வியைப் பல தசாப்தங்கள் விடவில்லை. பம்பாயில் இந்தியப் பெண்களையும் ஐரோப்பியப் பெண்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்ட ஆய்வொன்று 1964இல் வந்தது. ஒரு கல்லூரி விடுதியிலே, மாணவியரின் நம்பிக்கையைச் சம்பாதித்து, மூச்சை அளந்து தொடங்கிய அந்தப் பணி, தமிழ்ப் பெண்களின் சரீரத்தைப் பற்றிய முதற்றரமான விஞ்ஞானச் சாட்சியம் என்பது என் கருத்து. அதற்கு உரிய இடம் நம் பாடநூல்களில் இல்லாமை பெருங்குறை.

வெப்ப நாட்டு மனிதரின் செலவு குறைவா என்பது ஒருமுகமாக ஒப்புக்கொள்ளப்பட்ட முடிபாயிருக்கவில்லை. பெரிபெரி நோயாராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்ற ஐக்மன், 1890களில் பட்டாவியாவிலே மலாயரையும் ஐரோப்பியரையும் அளந்து வித்தியாசமில்லை என்றார். பிரேசிலிலே குறைவு என்றார்கள். இவ்விவாதத்தின் நடுவேதான் கலம்பைனின் கொழும்புக் கட்டுரை எழுந்தது. யுத்தகாலத்தில், 1942 முதல், அரிசி பங்கீட்டு அட்டைக்கு அளந்து கொடுக்கப்பட்டு வந்த நாட்டிலே, ஒரு மனிதனுக்கு எத்தனை கலோரி வேண்டும் என்பது வெறும் கல்வி விசாரமன்று. ஒரு குடும்பத்தின் பானையில் எவ்வளவு அரிசி விழும் என்பதோடு அது நேரே தொடர்புடையது. உலக உணவு விவசாய ஸ்தாபனமும் அக்காலத்தில் இதே வினாவை எடுத்து, 1957ஆம் ஆண்டு அறிக்கையில், 25 வயதும் 65 கிலோவும் உடைய, சராசரி வெப்பநிலை 10 பாகையான தேசத்தில் வாழும் ஒரு 'நியம மனித'னை நிறுத்தி, அவனுக்கு 3,200 கலோரி என விதித்து, வெப்பம் ஒவ்வொரு 10 பாகை கூடுந்தோறும் நூற்றுக்கு 5 கழிக்கச் சொல்லிற்று. கொழும்பின் ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 27 பாகை. அக்கணக்கின்படி கொழும்பு மனிதனுக்கு நூற்றுக்கு எட்டரை குறையும். விதி முரட்டுத்தனமானதுதான். ஆயினும் நாடு வேறு, சுவாத்தியம் வேறு, உடல் வேறு என்ற உணர்வு அதிலே இருந்தது.

அந்த உணர்வு பின்னர் மங்கியது. 1985இல் உலக ஸ்தாபனங்கள் ஏற்றுக்கொண்ட ஸ்கோபீல்ட் சூத்திரங்களுக்கு அடிப்படையான மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் இத்தாலியர். அவை அயனமண்டல மக்களின் செலவை நூற்றுக்கு 8 அளவில் மிகைப்படுத்துகின்றன என்பதை ஹென்றி, ரீஸ் என்னும் வேறிரு ஆய்வாளர்கள் 1991இல் எடுத்துக்காட்டினார்கள். பெங்களூர் சென் ஜோன்ஸ் மருத்துவக் கல்லூரியிலே ஷெட்டியும் சோவாரிசும் அவர்தம் தோழரும் இந்தியரை அளந்து, குறைவு மெய்யே என்றும், கொழுப்பை நீக்கிய தசைப்பொருளோடு ஒப்பிடும்போது வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது என்றும் விளக்கினார்கள். அதாவது, எங்கள் உடல் மந்தமானது என்பதன்று காரணம். ஒரே நிறைக்குள் எங்களுக்குத் தசை குறைவு, கொழுப்பு அதிகம். 2004இல் லான்செட் சஞ்சிகையில் இரு விஞ்ஞானிகள் தங்கள் உடலையே உதாரணமாக வைத்தார்கள்: புனேயின் யாஜ்னிக்குக்கும் லண்டனின் யட்கினுக்கும் உயரத்துக்கேற்ற நிறைச் சுட்டி 22.3 என்று ஒன்றாகவே இருந்தது. உடற்கொழுப்போ யட்கினிடம் நூற்றுக்கு 9.1, யாஜ்னிக்கிடம் 21.2. நிறையையும் உயரத்தையும் மட்டும் கேட்கும் கைக்கடிகாரம் இவ்விருவரையும் ஒருவராகவே கொள்ளும்.

இப்பொழுது நுகேகொடைச் சைக்கிள்காரரிடம் திரும்புவோம். மேற்சொன்ன 60 கிலோ மனிதர் அவரே என்று வைத்துக்கொள்வோம். சூத்திரம் 1,413 என்பது. உண்மை நூற்றுக்குப் பத்துக் குறைவாயின் 1,272. நாளொன்றுக்கு 141 கலோரி வேறுபாடு, அதாவது 100 கிராமுக்குச் சற்று மேற்பட்ட சோறு. இந்தத் தவறு ஓய்வோடு நின்றுவிடுவதில்லை. 1993இல் அமெரிக்காவில் எயின்ஸ்வர்த் முதலானோர் தொகுத்த தொழிற்பட்டியல், ஒவ்வொரு வேலையையும் ஓய்வுச் செலவின் இத்தனை மடங்கு என்று வகுத்தது. மணிக்கு 19 முதல் 22 கிலோமீற்றர் வரை வண்டி ஓட்டுதல் 8 மடங்கு. ஓய்வுச் செலவு மணிக்கு 59 என்றால் ஓட்டத்துக்கு 471. 53 என்றால் 424. அடிப்படைத் தவறு எட்டு மடங்காகி நிற்கிறது. அம்மடங்கின் அலகே, ஒரு கிலோ நிறைக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லிலீற்றர் ஒட்சிசன் என்று கொள்ளப்பட்டது. 769 பேரை அளந்தபோது சராசரி 2.6தான் என்று 2005இல் பதிவாயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, சமதரையில் ஓடும் துவிச்சக்கர வண்டிக்கு வேண்டிய வேலையைத் தீர்மானிப்பவை காற்றும் டயரின் உராய்வுமே; ஏறியிருப்பவரின் ஓய்வுச் செலவை எத்தனை மடங்கு பெருக்கினாலும் அந்த வேலை வெளிப்படாது. கோட்டைப் பக்கத்திலிருந்து வரும்போது மெரைன் டிரைவில் தென்மேற்குப் பருவக்காற்று முகத்திலடித்தால், வேகம் குறையும், உழைப்பு மிகும். திரும்பிப் போகும்போது வேகம் மிகும், உழைப்பு குறையும். வேகத்தை நம்பும் கணக்கு இரண்டையும் தலைகீழாகவே சொல்லும்.

கையின் அசைவை உணரும் பொறி நடப்பவருக்கு ஓரளவு உதவும். சைக்கிள்காரரின் கையோ பிடியைப் பற்றிக்கொண்டு சும்மா இருக்கிறது, உழைப்பெல்லாம் தொடையில். ஆகவே கருவி நாடித்துடிப்பையே பெரிதும் நம்பவேண்டியதாகிறது. தோலினுள்ளே பச்சை ஒளியைச் செலுத்தி, இரத்த ஓட்டத்தின் ஏற்றத்தாழ்வைப் படிக்கும் அந்த முறையில் துடிப்பின் எண் பெரும்பாலும் சரியாகவே கிடைக்கிறது. கிடைத்த துடிப்பைச் சக்தியாக மாற்றும்போதே இடர் பிறக்கிறது. 2005இல் தென்னாபிரிக்காவிலே கீட்டலும் தோழரும் வெளியிட்ட, பரவலாக அறியப்பட்ட சூத்திரத்தின்படி, ஆணொருவரின் நாடி நிமிடத்துக்கு ஒரு துடிப்பு மிகுந்தாற் செலவு நிமிடத்துக்கு 0.63 கிலோயூல் மிகும். பத்துத் துடிப்பு மிகுந்தால் மணிக்கு 90 கலோரி. கொழும்பின் ஏப்ரல் வெயிலில், புழுக்கம் தாளாமல் உடல் தன்னைக் குளிரவைப்பதற்காக இரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது. வியர்வையால் இரத்தத்தின் நீர் குறைகிறது. அதே வேகத்தில் உழக்கினாலும் இதயம் கூடுதலாக அடிக்க வேண்டியிருக்கிறது. நேரம் செல்லச்செல்லப் பத்துத் துடிப்பு ஏறுவது சாதாரணம். தசை எரித்த சக்தியோ ஏறத்தாழ முன்போலத்தான். வெயிலுக்கு அடித்த இதயத்தை உழைப்புக்கு அடித்ததாகக் கருவி எண்ணி, இல்லாத 90 கலோரியை வரவில் வைக்கிறது.

அருகிலிருந்து கவனித்தால் இன்னொன்று புலப்படும். நுகேகொடை மேம்பாலத்தின் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது உழைப்பு ஒரு நொடியில் இரட்டிக்கிறது. நாடி மெல்ல மெல்லவே ஏறுகிறது. பாலத்தின் உச்சி கடந்து, கால் ஓய்ந்து, வண்டி தானாய் உருளும் இறக்கத்திலேதான் எண் உச்சத்தை அடைகிறது. கொஹுவளைச் சந்தியின் சிவப்பு விளக்கிலே காலூன்றி நிற்கும்போதும் சிறிது நேரம் அது தணிவதில்லை. நின்று புறப்பட்டு நின்று புறப்படும் நகரவீதி ஓட்டத்துக்கும், ஆய்வுசாலையின் ஒரே சீரான ஓட்டத்துக்கும் உள்ள தூரம் இது.

2017இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார் 60 பேரின் கைகளில் ஏழு கருவிகளைக் கட்டி, நடக்கவும் ஓடவும் நிலைச் சைக்கிள் உழக்கவும் வைத்து, மூச்சின் வாயுவை அளந்து ஒப்பிட்டார்கள். ஏழில் ஆறு நாடியை நூற்றுக்கு 5க்கு உட்பட்ட தவறோடு சொல்லின. சக்தியை ஒன்றேனும் நூற்றுக்கு 20க்கு உட்பட்ட தவறோடு சொல்லவில்லை. மிகச் சிறந்ததின் தவறு 27, மிக மோசமானதின் தவறு 93. தோல் கருமையாயிருந்தால் நாடியின் தவறு கூடுவதும் அங்கே காணப்பட்டது. நம்மவருக்கு இது முக்கியமான செய்தி. அதன் பின்னர் கருவிகள் திருந்தியிருக்கலாம். எனினும் தங்கள் சூத்திரத்தைத் திறந்துவைக்காத வணிக நிறுவனத்தின் எண்ணை, அளந்து பார்க்காமல் ஏற்பது சாஸ்திரமாகாது.

அப்படியானால் நம்பத்தக்கது யாது? அற்வாட்டரின் டைனமோவே வழிகாட்டுகிறது: வேலையை வேலையாக அளத்தல். ஜெர்மனியில் ஷோபெரர் என்ற பொறியியலாளர் 1986இல், மிதிதண்டையும் சங்கிலிச் சில்லையும் இணைக்கும் பகுதியிலே ஏற்படும் நுண்ணிய நெளிவைக் கொண்டு வலுவை வோற்றில் அளக்கும் கருவியை உருவாக்கினார். பந்தயக்காரர் இன்று அதன் வழிவந்தவற்றையே நம்புகிறார்கள். 100 வோற்று வலுவில் ஒரு மணி நேரம் உழக்கினால் வேலை 360 கிலோயூல். உடலின் பயன்வீதம் நூற்றுக்கு 24 என்று கொண்டால் மொத்தச் செலவு 1,500 கிலோயூல், 4.184ஆல் வகுத்தால் 359 கலோரி. வேலையின் கிலோயூல் எண்ணும் செலவின் கலோரி எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வருவது தற்செயலாய் வாய்த்த ஒற்றுமை. பயன்வீதம் 20 ஆனாலும் 25 ஆனாலும் விடை 430க்கும் 344க்கும் இடையில் நிற்கும். கடிகாரத்தின் உத்தேசத்தோடு ஒப்பிட்டால் இது உறுதியான தரை. வலுமானி விலையுயர்ந்தது, ஆயினும் தேகாப்பியாச நிலையங்களிலுள்ள நிலைச் சைக்கிள்களிற் பல வோற்றைக் காட்டுகின்றன. அங்கே கலோரி எண்ணை விட்டு, வோற்றையும் நேரத்தையும் குறித்துக்கொள்வது மேல்.

கைக்கடிகாரத்தை எறிந்துவிட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. நாடியை அது நன்றாகவே சொல்கிறது. உழக்கிய தூரத்தையும் நேரத்தையும் மறவாமல் வைத்திருக்கிறது. அதே பாதையில், அதே வேளையில், சென்ற மாதத்தையும் இந்த மாதத்தையும் ஒப்பிட்டு, குறைந்த துடிப்பில் அதே வேகம் வருகிறதா என்று பார்ப்பதற்கு அதைவிட நல்ல துணையில்லை. அதன் கலோரி எண்ணை உணவுத் தட்டுக்குக் கொண்டுபோவதுதான் ஆபத்து.

1961இல் வித்தியோதயப் பல்கலைக்கழகம் நுகேகொடைக்கு அருகே கங்கொடவிலவுக்கு வந்தது. இன்று ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகமாக வளர்ந்துள்ள அதற்கு மருத்துவ பீடம் உண்டு. கின்சி வீதியிலே கலம்பைனும் பிபிலேயும் விக்கிரமநாயக்கவும் உழைத்த பீடம் உண்டு. கொழும்பு வீதியிலே, கொழும்பு வெயிலிலே, பெட்டி சுமக்கும் மீன்காரரிலிருந்து உத்தியோகத்தர்வரை நம் ஆண்களையும் பெண்களையும் வண்டியில் ஏற்றி, மூச்சையும் வலுவையும் கடிகாரத்தின் எண்ணையும் ஒருங்கே அளந்து, முடிவைத் தமிழிலும் சிங்களத்திலும் பொதுமக்கள் படிக்க வெளியிடுமாறு அவ்விரு பீடத்தாரையும் வேண்டிக்கொள்கிறேன். நீரிழிவுக்காக வண்டி உழக்கும் வாசகரிடம் வேண்டுவதும் ஒன்றுண்டு: கடிகாரம் 400 கலோரி என்று காட்டிய நாளிலும், அந்த எண்ணைக் கொண்டு சோற்றைக் கூட்டவோ மருந்தைக் குறைக்கவோ செய்யாதீர்கள், இரத்தச் சர்க்கரையை அளந்து, வைத்தியரைக் கேட்டுச் செய்யுங்கள்.